மூன்றாவது பிளா

பச்சைப் பனையோலை கள்ளில் ஊறும்போது ஒரு மணம் வரும். அந்தப் புளிப்பும் பச்சை வாசமும், பக்கத்தில் தேங்காய் எண்ணெயில் திரளி மீன் பொரிகிற வாசத்தோடு கலந்து வந்தால் யாருக்கும் வாயூறும். நான் மட்டும் இன்றைக்கும் எழும்பி வெளியே போய்விடுவேன். ஏனென்றால் பத்து வயதில், ஒரு மாரிகாலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த மணத்துக்குள்ளேயே, தண்ணீரில் கட்டிப்போட்ட ஒரு பழைய வள்ளத்தின் பின்பக்கத்தில் காவல் இருந்தவள் நான். காவல் என்றால் வேறு யாருக்கும் இல்லை, அப்பாவுக்குத்தான்.

எங்கள் ஊர் முல்லைத்தீவுப் பக்கத்தில், கடலை ஒட்டிக் கிடக்கிற ஒரு களப்பின் கரை. போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் மாதர் சங்கம் கூடி, ஊர் நிலத்தில் ஓரிடத்திலும் இனிக் கள்ளு விற்கக்கூடாது என்று கைதூக்கித் தீர்மானம் எடுத்தது. கைதூக்கியவர்களில் திரேசக்காவும் ஒருவர். கள்ளு விற்றே மூன்று பிள்ளைகளை வளர்த்துவந்த அந்த மனுசி எந்தத் துணிவில் கையைத் தூக்கினார் என்று எல்லோரும் வாய்பிளந்து நிற்க, அடுத்த கிழமையே அவர் தன் தகப்பன் காலத்தில் சாமான் ஏற்றி ஓடிய மர வள்ளத்தை, ஊரில் அதை "வத்தை" என்பார்கள், களப்புக்குள் தள்ளிக்கொண்டுபோய், இரண்டு கட்டைகளைச் சேற்றில் இறக்கி, இரண்டு கயிற்றில் கட்டி, மேலே கூரைக்குத் தறப்பாளும் இழுத்துவிட்டார். "நான் ஊர் நிலத்திலயே விக்கிறன்? தண்ணியிலயெல்லோ விக்கிறன்" என்று சங்கத்தையே கேட்டார். அடுத்த கூட்டத்துக்கும் வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தாராம்.

கரையிலிருந்து அதற்குப் போக ஒரு சின்ன வள்ளம் இருந்தது. ஐம்பது பாகம், அதாவது முந்நூறு அடி, இருக்குமோ என்னவோ, அந்தத் தூரம் முழுக்க நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன். வத்தையில் ஏறிய பிறகும் நிம்மதி இல்லை. விளிம்புக்கு வெளியே நீட்டி அடித்த பின்பக்கப் பலகைகளுக்கு நடுவே விரல் போகிற அளவு நீக்கல். அதற்குக் கீழே கறுத்த தண்ணீர் அசையும். அரைவாசியாக வெட்டிய தகரத்தில் மணல் போட்டு அதன்மேல் அடுப்பு, அடுப்பில் மீன், ஓலைப்பெட்டியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்பல். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் பலகைகளில் குந்தியிருந்து, பனையோலையில் மடித்த "பிளா"வில் கள்ளை வாங்கிக் குடித்துவிட்டு, பிளாவைத் தண்ணீரில் வீசுவார்கள். அது போகாது. களப்புத் தண்ணீர் ஓடாத தண்ணீர். வீசிய பிளாக்கள் வத்தையைச் சுற்றியே தாராக்குஞ்சுகளைப்போல மிதந்துகொண்டிருக்கும். எனக்குப் பயம் கூடினால் அவற்றை எண்ணுவேன்.

என்னை அனுப்பியது அம்மா. அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, நான் பிறக்குமுன் இதே களப்பில் கள்ளு வெறியில் வள்ளத்திலிருந்து எழும்பி நின்று, சரிந்து, போய்ச் சேர்ந்தவர். மாமாவாவது நீந்தத் தெரிந்தவர். அப்பா துணுக்காய்ப் பக்கத்து வயல்காரர். வரம்பில் ஓடச் சொன்னால் ஓடுவார், தண்ணீரில் இறக்கினால் கல்லுத்தான். அதனால் அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தார். இரண்டு பிளா குடிக்கலாம். மூன்றாவது கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை கூடப் போகவேண்டும். "மூண்டாவதுக்குக் கை நீட்டினாரெண்டா அழு. சும்மா சிணுங்காதை, பலத்து அழு. உன்ர மாமாவ மாதிரி அவரையும் நான் தூக்கிக்கொண்டு வரேலாது" என்று என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே சொல்லுவார். வீட்டுக்குத் திரும்பியதும் முதல் கேள்வி, "எத்தினை பிளா?" நான் அம்மாவை நேரே பார்த்து "ரெண்டு" என்பேன்.

வேறு தாய்மாரும் இப்படிப் பிள்ளைகளை அனுப்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் பொரித்த மீனுக்கு மயங்கிச் சத்தம்போடாமல் இருந்துவிட்டுப் போனதுதான் மிச்சம். நான் மயங்கவில்லை. நல்ல பிள்ளையாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள், பயந்த பிள்ளையாக இருந்தேன். மீனைத் தின்றுகொண்டே அப்பாவின் கையைப் பார்ப்பேன். இரண்டாவது பிளா காலியாகும்போது அவருடைய சிரிப்பு மாறும், வேறு யாரோ அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு இருப்பதுபோல இருக்கும். அவருடைய கை கள்ளிருந்த மண்முட்டியை நோக்கி நீளும். நான் அழுவேன். "இந்தா, மணி அடிச்சிட்டுது" என்று சூசையப்பு சொல்லுவார். அவர் ஊரின் மூத்த கடற்றொழிலாளி, வாய் சும்மா இராத கிழவர். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா வெட்கத்தோடு என்னைத் தூக்கிக்கொண்டு சின்ன வள்ளத்தில் இறங்குவார்.

அந்த ஞாயிறு, முகத்துவாரம் வெட்டின ஞாயிறு. எங்கள் களப்பு கடலைத் தொடுகிற இடத்தை ஒரு மணல்மேடு அடைத்துக்கொண்டு கிடக்கும். மாரிமழையில் களப்பு நிறைந்து வயலுக்குள் தண்ணீர் ஏறினால், ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு போய் அந்த மணலில் ஒரு வாய்க்கால் கீறிவிடுவார்கள். மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகும். கீறி முடிகிற நேரம் கால்கீழ் மணல் கரைந்து ஆளையும் இழுத்துக்கொண்டு போகுமாம். அதனால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் கடைசி வெட்டு வெட்டுவார்கள். அன்றைக்கு நல்ல கயிறு கிடைக்காமல், வத்தையைக் கட்டியிருந்த இரண்டு கயிறுகளில் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வெட்டி முடித்த சந்தோசப் புளுகத்தில் அத்தனைபேரும் நேரே வத்தைக்கு வந்து ஏறிவிட்டார்கள். கயிற்றைக் கொண்டுவந்தார்கள், கட்டவில்லை. அது அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. நான் அதன்மேல்தான் இருந்தேன். தாங்கள் காலையில் திறந்துவிட்ட தண்ணீரின் மேலேயே ஒற்றைக் கயிற்றில் இருக்கிறோம் என்ற நினைப்பு, தொழில் தெரிந்த அத்தனை ஆண்களில் ஒருவருக்கும் வரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்பவும் கோபம் வரும்.

முதலில் பிளாக்கள்தான் எனக்குச் சொல்லின. வீசிய பிளா ஒன்றும் நிற்கவில்லை. எல்லாம் ஒரே பக்கமாக, கடல் பக்கமாக, விறுவிறென்று போயின. பலகை நீக்கலால் பார்த்தேன். கீழே தண்ணீர் சத்தம்போட்டு ஓடிற்று. எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பா இரண்டாவது பிளாவில் இருந்தார். எழும்பிப் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். பெரியவர்கள் இத்தனைபேர் இருக்க நான் என்னத்தைச் சொல்ல?

கொஞ்ச நேரத்தில் பிளாக்கள் நின்றன. உண்மையாகவே நின்றன. வீசிய பிளா வழமைபோல வத்தைக்குப் பக்கத்திலேயே மிதந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. ஒரு துண்டு கிழங்கை எடுத்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினேன். கரையில் நின்ற தாழம்பற்றை நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நின்ற பனைகளும் நகர்ந்தன. பிளாக்கள் நிற்கவில்லை, நாங்களும் அவற்றோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறோம் என்று விளங்க எனக்கு ஒரு கணம் எடுத்தது. அந்த ஒரு கணத்தைப்போல ஒரு பயத்தை நான் பிறகு பட்டதில்லை. கிழங்கு வாய்க்குள்ளேயே இருக்க, நான் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா மூன்றாவதுக்குக் கை நீட்டியிருந்தார்.

"இந்தா, மணி அடிச்சிட்டுது" என்றார் சூசையப்பு. எல்லோரும் சிரித்தார்கள். "இண்டைக்கு ஒரு நாளைக்கு விடு குஞ்சு, கொப்பர் முகத்துவாரம் வெட்டினவரெல்லோ" என்று இன்னொருவர் சொன்னார். அப்பா பிளாவை வாங்கிவிட்டார். நான் இன்னும் பலத்து அழுதேன். என் அழுகைக்கு அந்த வள்ளத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. அதை நானேதான் ஞாயிறு ஞாயிறாக அவர்களுக்குப் பழக்கியிருந்தேன்.

கடைசியில் வாய்க்குள் இருந்ததைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "அப்பா, பனை நடக்குது."

"பிள்ளைக்கும் ஏறீட்டுது போல" என்றார் சூசையப்பு. "நான் அஞ்சு பிளா குடிச்சிட்டன், எனக்கே இன்னும் நடக்கேல்லை."

திரேசக்கா மட்டும் சிரிக்கவில்லை. மீன் அகப்பையோடு கரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, சமையலில் உப்பு இல்லை என்று சொல்வதுபோல, "கட்டை பிடுங்கீட்டுது. முகத்துவாரத்துக்குப் போறம்" என்றார்.

வெறி முறிவதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். சிரித்த வாய்கள் அப்படியே நின்றன. அடுத்ததாக எல்லோரும் தண்ணீருக்குள் இருந்தார்கள். கழுத்தளவு தண்ணீர், கால் வைக்க விடாத இழுவை. சூசையப்பு நான் இருந்த கயிற்றை எனக்குக் கீழிருந்து உருவி, என்னைப் புரட்டிவிட்டு, அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தார். அடுப்பு சரிந்தது. முட்டிகள் உருண்டன. தூரத்தில் கேட்ட கடல் இரைச்சல் பக்கத்தில் கேட்டது. ஒருவர் பேரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு, அவர்கள் வத்தையை ஓரமாக, ஓரமாகத் தள்ளி, முகத்துவாரத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் மணல்திட்டு ஒன்றில் ஏற்றிவிட்டார்கள். அடிப்பலகை மணலில் உரசிய சத்தம் என் பல்லில் கேட்டது.

வத்தையில் மூன்றுபேர்தான் மிச்சம். திரேசக்கா நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு கையால் என்னை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். நகம் என் விலாவில் ஏறியிருந்தது. மற்றக் கையில் அந்த மூன்றாவது பிளா, அரைவாசி சிந்தி, இன்னும் இருந்தது. அவருடைய பற்கள் கிடுகிடுத்தன. என்னைவிடப் பயந்த ஒரு ஆளை நான் அதுவரை கண்டதில்லை. அது என் அப்பாவாக இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எனக்குத் தண்ணியெண்டாப் பயம், பிள்ளை" என்றார் மெதுவாக. "உன்னைத் தோளில வச்சுக்கொண்டு இதுக்காலதான் நடந்து வந்தனான். அண்டைக்கிருந்து பயம்."

அவர் சொன்னது போரின் கடைசி நாட்களை, களப்பைக் கடந்து சனம் வெளியேறியதை. எனக்கு அதில் நினைவிருப்பது அவருடைய தலைமயிரை நான் பிடித்திருந்தது மட்டும்தான்.

"பிறகேன் ஒவ்வொரு கிழமையும் இஞ்ச வாறியள்?"

"வீட்டில தனிய இருந்தா அந்தச் சத்தம்தான் கேக்குது. இஞ்ச ஆக்களின்ர சத்தம். ஆனா ரெண்டுக்கு மேல ஒரு சொட்டுப் போடாட்டி அந்தச் சின்ன வள்ளத்தில திரும்பி இறங்க என்ர கால் லேசில வராது." பிளாவில் மிச்சம் இருந்ததைக் குடித்தார். "அம்மாவுக்குச் சொல்லாதை."

வீட்டில் அம்மா கேட்டார். "எத்தினை பிளா?" நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "ரெண்டு" என்றேன்.

வத்தை இழுபட்டுப்போன கதையை அடுத்தநாள் விடியத் திரேசக்காவே வந்து சொல்லிவிட்டார். அம்மா குசினி நிலத்தில் இருந்துவிட்டார். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "நான் உன்னையும் சேத்தெல்லோ அனுப்பினனான்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகு நான் போகவில்லை. அப்பாவும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவே கள்ளை வீட்டுக்கு வாங்கிவந்து, இரண்டு பிளா வார்த்துக் கொடுத்து, அப்பா குடித்து முடியுமட்டும் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார். அப்பா மூன்றாவது கேட்டதே இல்லை.

இப்போது அந்த வத்தை இல்லை. திரேசக்கா மகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டார். கள்ளு போத்தலில் வருகிறது. பிளா மடிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். போன மாசியில் அப்பாவும் போனார், தண்ணீரில் அல்ல, தன் கட்டிலில், நித்திரையில். செத்தவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்துத் தங்களுக்குள் கதைத்தார்கள். ஒரே பிள்ளை, கல்லுப்போல நிற்கிறாள் என்று கதைத்திருப்பார்கள், கதைக்கட்டும்.

எட்டாம் நாள் படையலுக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தோம். திரளிப் பொரியல், மரவள்ளிக்கிழங்கு, சம்பல். கள்ளைக் கிளாசில் வைக்க அம்மா விடவில்லை. பக்கத்து வளவில் ஒரு குருத்தோலை வெட்டுவித்து, இரண்டு பிளா மடித்து வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்து, போத்தலிலிருந்து வார்த்தார். நான் மிச்ச ஓலையை எடுத்து இன்னொன்று மடித்தேன். கோணலாக வந்தது. அதையும் வைத்தேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "அண்டைக்கு மூண்டு குடிச்சவர், என்ன?"

"ஓம்."

"தெரியும். நிலத்தைப் பாத்துக்கொண்டெல்லோ சொன்னனீ." போத்தலைச் சரித்து மூன்றாவது பிளாவையும் நிறைத்தார். ஒழுகிற்று. புளித்த ஓலை மணம் மேலே வந்தது. நான் அழத் தொடங்கினேன், சும்மா சிணுங்காமல், பலத்து.