காத்து பிடித்த வீடு

மே மாதத்து மதியத்தில் மயிலாப்பூரில் கடற்காற்று வருவதற்கு முன்னால் அதன் வாசனை வந்துவிடும். குப்பத்தில் காயும் கருவாடும் ஈர மணலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறினால், இன்னும் கொஞ்ச நேரத்தில் வியர்வையில் முதுகோடு ஒட்டிய சட்டை பிரிந்து காயும் என்று எங்கள் சந்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அதற்கும் முன்னால் தெரிந்துகொள்பவர் ஒருவர் உண்டென்றால் அது ஃபிலோமினா டீச்சர்தான்.

கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில், துணிக்கடை வைத்திருந்த அண்ணாச்சியின் வீட்டு மாடி அறையில் அவர் குடியிருந்தார். அதே வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறையில் நானும் அம்மாவும். அப்பா கிடையாது, அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், நான் எட்டாவதோடு நின்றேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் எடுத்தது சின்ன வகுப்புக் கணக்கு மட்டும். மற்ற நேரத்தில் அவர் எடுத்துக்கொள்ளாத விஷயமே இல்லை. மாதா கோயில் மணியைத் தட்டிப் பார்த்து எந்தப் பக்கம் கீறல் என்று சொல்வார். மீன்காரம்மாவின் கூடையைக் கிளறி, இந்த மீன் எந்த ஆழத்தில் மேய்ந்தது என்று அவளிடமே வாதாடுவார். எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பார்க்க எங்களையும் கூட்டிக்கொண்டு சந்து முழுக்கக் குனிந்தே நடப்பார். எந்தக் கல்லூரியும் அவரைக் கூப்பிடவில்லை, அவரும் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பைத்தியம் காற்று. கடற்காற்று எந்த நாளில் எவ்வளவு தூரம் ஊருக்குள் போகிறது என்று அறிய, சாந்தோம் கடற்கரையிலிருந்து எங்கள் சந்து வரை தெருவுக்கு ஒரு மொட்டை மாடியில் மூங்கில் நட்டு, அண்ணாச்சி கடையின் துண்டுத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார். காலையிலிருந்து மேற்கே இருந்து வீசும் மேல்காற்றில் கடலைப் பார்த்து நீண்டிருக்கும் துணி, கடற்காற்று வந்ததும் தொய்ந்து, சட்டென்று ஊர்ப்பக்கம் திரும்பும். திரும்பியதும் அந்த மாடிப் பிள்ளைகள் கத்த வேண்டும். அந்தக் கத்தல் மாடிக்கு மாடி தாவி, காற்றுக்கு முன்னால் எங்களிடம் வந்துவிடும்.

வினை கத்தலில்தான் இருந்தது. எங்கள் பேச்சில் வீசுவதும் 'காத்து'தான், ஆளைப் பிடித்து ஆட்டுவதும் 'காத்து'தான். தினமும் மதியம் "காத்து வந்துட்சு! மூணாவது வூட்டுக்கு வந்துட்சு!" என்று பிள்ளைகள் அலறினால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? டீச்சருக்குக் 'காத்து புடிக்கிற அம்மா' என்று பெயர் விழுந்தது. காய்ச்சலில் பிதற்றும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, "எறக்கி வுடு டீச்சர்" என்று மாடி ஏறினார்கள். அவர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். குணமானால் பெயர் காத்துக்குத்தான். என் அம்மாவே, "அந்தம்மா கைல இன்னாத்தயும் வாங்கித் துன்னாத, உனுக்கும் ஏறிக்கும்" என்பாள்.

அந்தப் பேச்சு தி. நகர் வரை போய்விட்டது. அண்ணாச்சி மகள் வடிவு அக்காவை அங்கே ஒரு துணிக்கடைக் குடும்பத்தில் பேசியிருந்தார்கள். "மாடியில காத்து இருக்காம்லா, நானே ஏறிப் பாத்துட்டுத்தான் கை நனைப்பேன்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பினார்.

அண்ணாச்சி மாடிக்கு வந்து நின்றார். "டீச்சர், கம்பை எல்லாம் புடுங்கிருங்க. எம் பிள்ளை வாழ்க்கைல்லா."

"இப்போ புடுங்கினா ஒளிச்ச மாதிரி ஆயிடும், அண்ணாச்சி. அவங்க வர்ற நேரத்துக்குக் காத்தும் வரும், கண்ணாலயே பாக்கட்டும். சம்பந்தம் கலைஞ்சா கம்பு மட்டும் இல்ல, நானே காலி பண்ணிடறேன்."

இன்னொரு வீட்டில் யார் மொட்டை மாடியையும் சேர்த்துத் தருவார்கள்? அந்த மாடி போனால் அவர் வேலை மொத்தமும் போயிற்று என்று எங்களுக்கே தெரிந்திருந்தது.

பெண் பார்க்க வந்த நாளில் கரண்ட் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா கையில் எலுமிச்சம்பழத்தோடு மாடியேறினார். துணி இன்னும் கடலைப் பார்த்தே நீண்டிருந்தது. நேரம் ஆக ஆக அண்ணாச்சி டீச்சரை முறைத்தார். டீச்சர் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அப்போது தூரத்தில் கேட்டது: "வந்துட்சு!"

அந்த அம்மா பழத்தை இறுக்கிப் பிடித்தார்.

"வந்துகினே கீது! கோடி வூட்டுக்கு வந்துட்சு!"

"ஏய், யாருல வாரது?" என்றார்.

"பக்கத்து வூட்டுக்கு வந்துட்சு டோய்!"

கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார். எங்கள் துணி தொய்ந்தது, திரும்பியது. அவருடைய பட்டுப் புடவை முந்தானை பாய்மரம் போலப் புடைத்து எழுந்தது. ஒரு கண்ணைத் திறந்தார், பிறகு மற்றதை. "எம்மாடி! இந்தக் காத்தா? ஏட்டி வடிவு, நாக்காலியைக் கொண்டா, இங்கனயே இருப்போம்."

பஜ்ஜியும் கேசரியும் மாடிக்கே வந்தன. எலுமிச்சம்பழம் சர்பத்தானது. "இது தி. நகருக்கு எப்ப வரும் டீச்சர்?" என்று அவர் கேட்க, "நீங்க பஸ் புடிக்கறதுக்குள்ள போயிடும்" என்றார் டீச்சர். மாப்பிள்ளை, தன் வீட்டு மாடியிலும் ஒரு கம்பு நடலாமா என்று கேட்டார். காற்று அவ்வளவு தூரம் போகிறதா என்று பார்க்க தி. நகரில் ஒரு மாடி கிடைக்காதா என்று டீச்சர் வருஷக்கணக்கில் ஏங்கியது பிள்ளைகள் எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்று அவர் சிரித்தபடி அழுததைப் பார்த்து, அக்காவுக்கு இடம் அமைந்ததற்காக அழுகிறார் என்று எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு நான் ஊர் ஊராகச் சுற்றினேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன், சினிமா யூனிட்டில் அண்டா கழுவினேன், இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்குச் சமைக்கிறேன். டீச்சர் கடைசி வரை அந்த மாடியிலேயே இருந்து போனார். கல்லறையில் என்ன பாட டீச்சர் என்று போடுவது என்பதில் பெரிய சண்டையாம். மீன்காரம்மா மீன் என்றாளாம், மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை மணி என்றாராம், கம்பைப் பிடுங்கச் சொல்லி வந்த அதே அண்ணாச்சி காற்று என்று போடாவிட்டால் கல்லுக்குக் காசு தரமாட்டேன் என்றாராம். கடைசியில் 'டீச்சர்' என்று மட்டும் வெட்டினார்கள்.

அண்ணாச்சியும் போய்விட்டார். அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, மாடிக் கதவுக்குப் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் கல்லறைக்குப் போவேன். காவல்காரர் ஒவ்வொரு தடவையும், "இன்னா பாடம் எடுத்தாங்கோ இவுங்கோ?" என்று கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொல்வேன். போன வாரம் எறும்பு என்றேன்.

"எறும்பா? அதுக்குலாம் கூடவா டீச்சர் வெச்சிருப்பாங்கோ?"

"நாங்க வெச்சிருந்தோம்" என்றேன்.