ஜனவரியில் ஓடாத கம்ப்ரஸர்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை யாரும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை; என்னைப் போல் இதில் மாட்டிக்கொண்டு முழிக்கும் தோழர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மதுரையில் தொழில் படித்துவிட்டு தில்லிக்கு வந்தவன் நான். வந்த முதல் ஜனவரியிலேயே ஒரு ஃபிரிட்ஜ் என்னைப் பைத்தியமாக அடித்தது.

எல்லாம் சரி, ஓடவில்லை

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் விஜயா அக்கா வீடு. தூத்துக்குடிக்காரர். பனி உறையும் லே பக்கம் ராணுவத்தில் இருக்கும் மகன் தினேஷ், ஒரு வருஷம் கழித்து ஞாயிற்றுக்கிழமை லீவில் வருகிறான். அவனுக்காக ஊரிலிருந்து வந்த சீலா மீன் ஃப்ரீஸரில் இருக்கிறது. கம்ப்ரஸரோ மூச்சு விடவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். வைண்டிங் சரி, கரண்டும் சரி. நேராக லைன் கொடுத்தால் ஜம்மென்று ஓடியது. ரிலேதான் கோளாறு என்று புதிதாக மாட்டினேன்; மத்தியான வெயிலில் ஓடவும் செய்தது. எதற்கும் இன்றைக்கு மீனை மேல் வீட்டில் வைக்கலாமே என்றேன்.

"மேல் வீட்டு பாபிஜி சுத்த சைவம், பூண்டையே உள்ள விடமாட்டாங்க. மீனைக் கொண்டு போனா என்னையும் சேர்த்து வெளிய நிறுத்திடுவாங்க, தம்பி!"

கடையில் ஓடுது, வீட்டில் ஊமை

மறுநாளே போன்: திரும்ப நின்றுவிட்டதாம். கடைக்குத் தூக்கி வந்தேன். பக்கத்தில் வெல்டிங் பட்டறை, ஒரே அனல். சாயங்காலம் வரை நன்றாக ஓடியது. கொண்டு போய் வைத்தேன். விடிந்தால் ஊமை! அட கடவுளே, பிளக்கை மாற்றினேன், ஸ்டெபிலைசரை மாற்றினேன், சுவரைக்கூடத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது. வாளியில் ஐஸ் போட்டு வைத்திருந்த மீன் ஓரம் இளக ஆரம்பித்திருந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சா அவன் முதல்ல ஃபிரிட்ஜைத்தான் திறப்பான், தம்பி."

ஹீட்டர் வைத்தியம்

சனிக்கிழமை. விரல் விறைத்து ஸ்க்ரூ டிரைவர் கையில் நிற்கவில்லை. பாவம் பார்த்து அக்கா ரூம் ஹீட்டரைக் கொண்டு வந்து வைத்தார். திறந்திருந்த ஃபிரிட்ஜுக்குள்ளும் சூடு போனது. கொஞ்ச நேரத்தில் 'டக்'! கம்ப்ரஸர் ஓடியது. அப்போதுதான் மண்டையில் ஏறியது. சமையலறையே ஃபிரிட்ஜ் மாதிரி குளிர்ந்து கிடந்தால், கீழறையின் சூட்டை மட்டும் பார்க்கும் தெர்மோஸ்டாட், போதுமான குளிர் இருக்கிறதென்று கம்ப்ரஸரை எழுப்பாது. ஃப்ரீஸரில் இருக்கும் மீனைப் பற்றி அதற்கென்ன கவலை? மதுரையில் இந்தப் பாடத்தை யார் நடத்துவார்கள்? நாளை வரை ஹீட்டரை இங்கேயே வையுங்கள் என்றேன்.

"ஸ்வெட்டர் போடு போடுன்னு மகன்கிட்ட சொல்லியே வாய் வலிக்குது. இப்ப ஃபிரிட்ஜுக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை

மீன் குழம்புக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மீன் அருமை, அப்பாடா என்றிருந்தது. தினேஷிடம் என் கண்டுபிடிப்பைப் பெருமையாக விளக்கினேன். அவன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டான்.

"அச்சா! எங்க போஸ்ட்ல முட்டை உறைஞ்சு கல்லாயிடக் கூடாதுன்னுதான் ஃபிரிட்ஜ்ல வைப்போம். இதுக்கா அண்ணா மூணு நாள்?"

இப்போதெல்லாம் ஃபிரிட்ஜ் எதற்கு என்று யாராவது கேட்டால், எந்த ஊர், எந்த மாதம் என்று விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.