அளக்காமல் அனுப்ப மாட்டாள்

டேப்பக்காவைத் தெரியாதவங்க அவங்களைப் பிடிவாதக்காரின்னு சொல்வாங்க. தெரிஞ்சவங்களும் அதையேதான் சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும். இருபத்திரண்டு வருஷமா அவங்க கடை வேனை ஓட்டுறவன் நான், என் வாயை யாரும் அடைக்க முடியாது.

கடையை ஆரம்பிச்சது அவங்க அப்பா. உடைஞ்ச நாற்காலிக்குக் கால் மாட்டிக் கொடுத்துக்கிட்டிருந்த மனுஷன், ஒரு தகரக் கொட்டகையில நாலு கட்டிலைப் போட்டு விக்க ஆரம்பிச்சார். முதல் வருஷமே ஒரு கூத்து. பெரிய மர பீரோ ஒண்ணை மாடி வீட்டுக்கு வித்துட்டார். அது படித் திருப்பத்துல போய் சிக்கிக்கிச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. மாடியில இருந்த குடும்பம் இறங்க வழியில்லாம மத்தியானம் வரைக்கும் மாட்டிக்கிச்சு. கடைசியில புது பீரோவை ரம்பம் போட்டு அறுத்துத்தான் எடுத்தாங்க. பட்ட அவமானத்துல அவர் ஒரு சட்டம் போட்டார். வாசல், படி, அறை எல்லாம் நேர்ல போய் அளக்காம பெரிய சாமான் எதுவும் கடையை விட்டு நகரக் கூடாது. அளக்குற டேப்போட மறுமுனையைப் பிடிச்சது மூத்த மக, அதுலதான் டேப்பக்கான்னு பேரு வந்துச்சு. அப்போ பதினாறு வயசு, இப்போ அம்பத்தெட்டு.

அப்பா போனப்புறம் தம்பிங்க ரெண்டு பேரும் தலையெடுத்தாங்க. அஞ்சு ஊர்ல அஞ்சு கடை, கண்ணாடி முகப்பு, ஏசி. நல்லா வரட்டும், யாருக்கு வயித்தெரிச்சல்? ஆனா அளக்குற வேலையைக் கை கழுவிட்டாங்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். பழைய கடையை நடத்துற அக்கா மட்டும் விடல. "இந்தக் கட்டில் உங்க ரூமுக்கு ஆகாது, சின்னதை எடுங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாங்க. வர்ற வியாபாரத்தைத் துரத்துறதுல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

போன வருஷம் பெரிய தம்பி ஒரு பெண்கள் விடுதிக்கு அறுபது கட்டில் ஆர்டர் பிடிச்சார். சரக்கு இருந்தது எங்க கிடங்குல. "ஏத்து"ன்னு எனக்கு போன். அக்கா முன்சீட்டுல ஏறி உக்காந்து, "வெறும் வண்டியா விடுதிக்கு விடு"ன்னாங்க.

அறைக்கு ரெண்டு கட்டில் போடணும். அக்கா தரையில சாக்பீஸால கட்டில் அளவுக்குக் கோடு போட்டுட்டு, கதவைத் திறந்து பார்த்தாங்க. பாதி திறக்கும்போதே கதவு கோட்டுக்குள்ள வந்துடுச்சு. விடுதி நடத்துற அம்மாவைக் கூப்பிட்டாங்க.

"தீப்பிடிச்சா இந்தப் பிள்ளைங்க எப்படிம்மா வெளிய ஓடும்? அகலம் கம்மியான கட்டிலாப் போடுங்க. எங்ககிட்ட அது இல்ல, வேற கடையில பாருங்க."

அந்தம்மா அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆர்டர் வேற கடைக்குப் போயிடுச்சு.

மறுநாள் காலையிலயே தம்பிங்க வந்து இறங்கினாங்க. பெரியவர் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. "அடிமடியிலயே கை வச்சுட்டியே அக்கா. போதும், வீட்ல இரு. கடையை நாங்க பார்த்துக்கறோம்." சின்னவர் ஒரு காகிதத்தை நீட்டினார். 'உடல்நிலை காரணமாக நானே விலகிக்கொள்கிறேன்.'

அக்கா ரெண்டு தடவை படிச்சாங்க. "யாருக்குடா உடம்பு சரியில்ல?"

"சும்மா ஒரு மரியாதைக்குக்கா. உன் பேரு கெடக் கூடாதுல்ல."

"என் பேரை நான் பார்த்துக்கறேன்." உடல்நிலைங்கிறதை மட்டும் அடிச்சுட்டு, காகிதத்தைத் திருப்பித் தள்ளினாங்க. "நடந்ததை எழுது. கதவு திறக்காதுன்னு சொன்னதுக்காக வெளிய அனுப்புறோம்னு உன் கையால எழுது. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

சின்னவர் பேனாவைத் திறந்துட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவத்தைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீயாவது எடுத்துச் சொல்லேன்ப்பா"ன்னார்.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "நானும் கூடத்தான் இருந்தேன். கதவு திறக்காதுதான். நீங்க எழுதுங்க, கீழ சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்"ன்னேன். என் வேலையும் போகட்டும்னுதான் சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்றோம்"னு முனகிட்டு ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க.

எட்டு மாசம் ஆச்சு. அந்தக் காகிதம் இன்னும் அக்கா மேஜை மேலதான் கிடக்கு, பக்கத்துல மூடி திறந்த பேனாவோட. தம்பிங்க ரெண்டு பேரும் வாராவாரம் வர்றாங்க, எதிர்ல உக்காந்து பேசிட்டுப் போறாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் அதுல ஒரு எழுத்து எழுதல.