சோலையம்மாளின் பையில் கிடந்த பிஞ்சுகள்

ஏலக்காய் எடுப்பது பெரிய வித்தையா என்று கேட்பவர்களை ஒரு நாள் எங்களோடு ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். செடியின் அடியில், தரையை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒன்றாகவே இருக்கும். விதை கறுத்த காயை மட்டும்தான் கிள்ள வேண்டும். அதைக் கருங்காய் என்போம். பிஞ்சைக் கிள்ளினால், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் உலர்த்தும் கட்டடத்தில் காயவைக்கும்போது சுருங்கிச் சருகாகிவிடும். வெளியே பார்த்தால் இரண்டும் பச்சைதான். விரல் நுனிக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அப்படிப்பட்ட விரல் சோலையம்மாளுக்கு இருந்தது. யாரோடாவது வாயாடிக்கொண்டே, செடிப் பக்கம் திரும்பாமலே காய் எடுப்பாள். மாலையில் எடை போடும்போது அவள் பையில் ஒரு பிஞ்சுகூட இருக்காது.

நான் ரோஜா. பன்னிரண்டாவது படித்துவிட்டு, வீட்டு நிலைமையால் மலை ஏறியவள். இருபத்தைந்து வருடம் அவளும் நானும் ஒரே நிரையில், பக்கத்துப் பக்கத்துச் செடியில் உட்கார்ந்திருக்கிறோம். "ஏண்டி, அது கையா உலக்கையா? கிள்ளச் சொன்னா புடுங்குற" என்று என்னைத் திட்டாத நாள் கிடையாது. திட்டிவிட்டுத் தன் தூக்குவாளியில் இருக்கும் கருவாட்டுத் துண்டை என் சோற்றில் வைப்பாள். கூடப்பிறந்தவர்கள்கூட எனக்கு அப்படிச் செய்ததில்லை.

அவள் பிறந்த ஊர் தேவாரம். அப்பா ராக்கையா சொந்தக் காட்டில் மக்காச்சோளம் போட்டவர். நாற்பத்தாறு வயதில், ஒரு சாயங்காலம் தன் வரப்பிலேயே நின்றுகொண்டு, "இது யாரு காடு?" என்று கேட்டாராம். செய்வினை என்று சொல்லிக் கோடாங்கிகளிடம் அலைந்ததில் காடுதான் கைவிட்டுப் போனது. எட்டு வருடத்தில் அவரும் போய்விட்டார். பிறகு அண்ணன் முத்துப்பாண்டிக்கும் அதே வயதில் அதே மறதி வந்தது. அப்போதுதான் மதுரையில் டாக்டர் பானுப்பிரியா, இது இந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் இறங்கும் நோய் என்றும், நோய் உள்ளவரின் பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் சொன்னார்.

சோலையக்கா ரத்தம் கொடுத்தாள். இருக்கிறது என்று முடிவு வந்தது. அப்போது அவளுக்கு நாற்பது. எப்போது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வருடம் ஒருமுறை வரச் சொன்னார்கள். பத்து வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். கடிகாரம் வரையச் சொல்வார்கள். கூடவே, பகல் முழுக்க அவளோடு இருக்கும் ஓர் ஆளும் வர வேண்டும். சோதனைத் தாளில் அகப்படாத சின்ன மாற்றம் அந்த ஆளுக்குத்தான் முதலில் தெரியும் என்றார் டாக்டர். புருஷன் பாண்டியராஜன் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். அதனால் நான் போனேன்.

நாற்பத்துமூன்று வயதில், ஓர் ஐப்பசி மழை நாளில், அவள் பையில் பிஞ்சைப் பார்த்தேன். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி. மழையில் கை விறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுவாரம் அதைவிட அதிகம். எடுத்து முடித்த செடிக்கே திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

கங்காணி மாரீஸ்வரன் பார்த்தால் மறுநாள் ஜீப்பில் ஏற்றாமல் வேலையை விட்டே நிறுத்திவிடுவார். அதனால் எடைக்குப் போகும் முன் நானே அவள் பையைத் துழாவிப் பிஞ்சைப் பொறுக்கிச் சருகுக்கு அடியில் தள்ளிவிட்டு, குறைந்த அளவுக்கு என் காயை அள்ளிப் போட ஆரம்பித்தேன்.

"எம் பையில என்னத்தடி தேடுற?"

"பூச்சி கெடந்துச்சுக்கா."

அவள் நம்பினாள். நான் சொன்ன எதைத்தான் அவள் நம்பவில்லை?

அந்த வருடம் மதுரையில் பத்து வார்த்தையில் எட்டைச் சொல்லிவிட்டாள். கடிகாரமும் ஒழுங்காக வரைந்தாள். டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"வேலையில ஏதாவது மாற்றம் தெரியுதாம்மா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல டாக்டர். எப்பவும் போலத்தான் இருக்கு."

அடுத்த வருடமும் அதையேதான் சொன்னேன். அவள் மகள் சுஜிதாவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்காகத்தான் மறைத்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கல்யாணம் முடிந்த பிறகும் நான் பொறுக்குவதை நிறுத்தவில்லை. என் வாயால் அதைச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். பன்னிரண்டு வகுப்பு படித்து என்ன பிரயோசனம்?

மூன்றாம் வருடம், என் மகள் பிரசவத்துக்காகப் பதினைந்து நாள் நான் மலைக்குப் போகவில்லை. இரண்டாம் நாளே மாரீஸ்வரன் அவள் பையைத் தரையில் கொட்டிப் பார்த்திருக்கிறார். பாதிக்குமேல் பிஞ்சு. எல்லார் முன்னாலும் அவர் சத்தம் போட, அவள் ஒன்றும் புரியாமல் எழுந்து தனியாகச் சரிவில் இறங்கிப் போய்விட்டாள். மூன்று மணி நேரம் கழித்துப் பக்கத்து எஸ்டேட் ஓடையில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவளைக் கூட்டி வந்தார்கள்.

மதுரையில் இந்தமுறை மூன்று வார்த்தைதான் சொன்னாள். டாக்டர் என்னைக் கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ரெண்டு வருசமாவா?" என்று பேனாவைக் கீழே வைத்தார். "ஆரம்ப நிலையில இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு மருந்து கொடுத்துப் பாக்குற ஆராய்ச்சி நடந்துச்சும்மா. குணமாயிரும்னு சொல்லல. கொஞ்சம் தள்ளிப்போகலாம். இவங்க பேரை அனுப்பணும்னுதான் ஒவ்வொரு வருசமும் உங்ககிட்ட அப்படிக் கேட்டேன். இனிமே சேர்க்க மாட்டாங்க."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பையைத் துழாவியதைச் சொல்லி அழுதேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"விடுடி. எனக்காகத்தான செஞ்ச."

ஆண்டிபட்டி தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏண்டி அழுகுற, யாரு வஞ்சா?" என்று கேட்டாள். மறுபடியும் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தேழு. மகள் வீட்டில்தான் இருக்கிறாள். ஆள் துணை இல்லாமல் தெருவுக்குப் போகக் கூடாது. நல்ல நாளில் என்னை ரோசா என்பாள், மற்ற நாளில் ஆத்தா என்பாள். மலை வேலையை நானும் விட்டுவிட்டேன்.

சுஜிதாவும் போன மாதம் ரத்தம் கொடுத்தாள். இருக்கிறது. இருபத்தைந்து வயதுதான். அவளுக்கும் வருடம் ஒருமுறை மதுரை, அவளுக்கும் கூட ஓர் ஆள். முதல் தடவை போகும் அன்று, கேட்காமலே நான் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். சுஜிதாவோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அங்கே ஏற்கெனவே தயாராக நின்றிருந்தாள்.

"நீங்க வேணாம் சித்தி" என்றாள் சுஜிதா. கோபமாகச் சொல்லவில்லை. "எம் மேல உங்களுக்குப் பாசம் சாஸ்தி. இவ வெறும் பிரண்டுதான், பாத்தத அப்படியே சொல்லிருவா."

நான் பையைத் துழாவிய கதை அவளுக்கும் தெரியும். அவள் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை.

"அம்மாவப் பாத்துக்கங்க. கஞ்சி காய்ச்சி வச்சிருக்கேன், பத்து மணிக்கு ஊத்திக் குடுங்க" என்று வீட்டுச் சாவியை என் கையில் வைத்துவிட்டு, பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள்.