மூடாத வயிறு

மதுரை ஆஸ்பத்திரியில் நலம் விசாரிக்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. போர்வையைத் தூக்கி வயிற்றைப் பார்க்கிறார்கள். ரங்கூனில் பக்கத்து வீட்டுப் பர்மியர் பழத்தை வைத்துவிட்டு, வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், சிரித்துவிட்டுப் போவார். இங்கே வேறு யாரையோ பார்க்க வந்த சோழவந்தான் வெற்றிலைக்காரர்கூட என் புண்ணை எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்.

அது சாமானிய வயிறல்ல. ரங்கூன் அரிசி ஆலையில் உட்கார்ந்தே வளர்த்தது. மடிந்து தொடைமேல் தொங்கியது. மடிப்புக்குள் ஓயாத புண், தொப்புளில் குடலிறக்கம். நான் ஒரு வீட்டுக்குப் போவதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்துவிடும். என் பர்மிய மனைவி மா கின், முகத்துக்குப் பூசும் தனாக்காவை அரைத்து அந்த மடிப்புக்கும் பூசிவிடுவாள். மதுரையில் கெட்டிக்கார டாக்டர் இருப்பதாக அக்கா சொல்லியனுப்பினாள். தொங்கும் சதையை அறுத்துவிட்டு, மா கின்னுக்குப் பிள்ளை பிறக்குமுன் ஒல்லியனாக ரங்கூனில் இறங்குவதாக வாக்குக் கொடுத்துக் கப்பலேறினேன்.

அறுத்தார்கள், தைத்தார்கள். ஒருநாள் காலை வேட்டி நனைந்தது. குடல் சரிந்துவிட்டதென்று இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு அலறினேன். அக்காவிடம் ஈமக்கடனுக்கு ஏற்பாடுகூடச் சொல்லிவிட்டேன். நர்சு வந்து பார்த்து, தோலுக்கடியில் தேங்கிய நீர் என்றார். இறுதி உரை வீணானதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அன்றிலிருந்து தையல் ஓரம் கறுத்துப் பிரிய ஆரம்பித்தது. சாயங்காலமானால் காய்ச்சல்.

தினமும் முட்டையும் பாலும் சாப்பிடச் சொன்னார் டாக்டர். அக்காவோ பத்தியத்தை விடவில்லை. "முட்டை தின்னா சீழ் வச்சிரும்டா. மொளகு ரசம் போதும்." ரங்கூன் நண்பர்களே, சிரிக்காதீர்கள்: நாறும் மீன் விழுதான ஙாப்பியைத் தட்டு வழித்துத் தின்ற நான், ஊர் மண்ணை மிதித்ததும் முட்டைக்குப் பயந்தேன். ஆஸ்பத்திரி முட்டை, பால் எல்லாம் கால் புண்ணோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்த மேலூர் சம்சாரிக்குப் போயின. டாக்டர் கேட்டால், எல்லாம் சாப்பிடுகிறான் என்பாள் அக்கா. அவர் குழம்பிப்போய் மருந்தை மாற்றுவார்.

மேலூர்க்காரர் குணமாகி வீட்டுக்குக் கிளம்பியபோது டாக்டரும் நின்றிருந்தார்.

"ஒங்க முட்டைப் புண்ணியத்துல நடக்குறேன் அண்ணே. வாரேன்."

டாக்டர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "ரசத்துலயா சதை வளரும்னு நெனச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அக்காவே ஒரு முட்டையை உரித்து என் வாயில் வைத்தாள். விழுங்கினேன். ஆனால் கறுத்த தோல் செத்துவிட்டதாம்; இன்னொரு முறை அறுக்க வேண்டுமாம். அதைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்கிறதா என்பது தெரியாதாம். கப்பலைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன்.

"அதை மறந்துருங்க. மொதல்ல கட்டில்ல இருந்து எறங்குற வழியப் பாப்போம்."

"இன்னும் கொஞ்சம் அறுங்க டாக்டர், அரை டிக்கெட்ல போயிருறேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

நேற்று கட்டுத்துணி போதவில்லை. மா கின் நெய்து கொடுத்த லுங்கியை அக்கா இரண்டாகக் கிழித்து வெந்நீரில் கொதிக்க வைத்தாள். ஒரு பாதி என் வயிற்றை இறுக்கிக் கட்டியிருக்கிறது. மறுபாதி சன்னல் கம்பியில் காய்கிறது. காற்றடிக்கும்போதெல்லாம் அது மட்டும் வெளியே போகப் பார்க்கிறது.