சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு குரல்

ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும் இடத்தில் ஊர்ப் பெண்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "உங்க புள்ள அந்த சிஸ்டருங்க ஸ்கூல்லதான படிக்கிறான்? எப்டிக்கா இருக்குது? மதம் மாத்துவாங்களாமே?" இங்கிலீஷ் வருமா, ஷூவை அங்கேயே வாங்க வேண்டுமா, பொட்டு வைத்துக்கொண்டு போனால் திட்டுவார்களா என்று அடுத்தடுத்து வரும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சேர்ப்பதற்கு முன்னால் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்று உண்மையாகவே கேட்டால், மதியச் சாப்பாட்டுக்கு முன் அங்கே சொல்லும் பிரார்த்தனையைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும். ஆட்டோ வருவதற்குள் அதைச் சொல்லி முடிக்க முடியாது.

நாங்கள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர்கள். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவோம். சாப்பிடும்போது பேச மாட்டோம். மாமனார் இதில் ரொம்பக் கண்டிப்பு. சாப்பிட உட்கார்ந்த பிறகு தகாத பேச்சு ஏதாவது காதில் விழுந்தால் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்கக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

என் பிள்ளை வீட்டில் ஓயாமல் பேசுவான். டிவியில் வருகிறவர்களோடு சண்டை போடுவான். தாத்தாவின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு கழனி வரைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டே போவான். ஆனால் வெளியார் ஒருவர் எதிரில் வந்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். அடி பட்டாலும் திறக்காது. முதலில் சேர்த்த நர்சரியில் பெயரைக் கேட்டார்கள். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே வேலை செய்த அம்மா, "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்கிற?" என்று சிரித்தார். ஒண்ணுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியாமல் தினமும் டவுசரை நனைத்துக்கொள்வான். அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அனுப்புவார்கள். அந்தக் கவரை வாங்கும்போது மற்ற அம்மாக்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். அந்தக் கரிசனம் எனக்கு வேண்டவே வேண்டாம் என்று இருக்கும்.

சென்னையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காது, நாக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, இது பயம், கட்டாயப்படுத்தாதீர்கள், நாளாகும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். ஒண்ணாம் வகுப்புக்கு நாங்கள் ஏறி இறங்கிய பள்ளிக்கூடங்கள் எல்லாம் அவனிடம் பெயரைக் கேட்டன, பிறகு எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கையை விரித்தன. இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தும் சிஸ்டர் மட்டும்தான் அவனை ஒன்றும் கேட்கவில்லை. மேஜை மேலிருந்த மணியை அவன் பக்கம் நகர்த்தி, "அடிக்கிறியாப்பா?" என்றார். அவன் அடித்தான். அவ்வளவுதான் இன்டர்வியூ.

அங்கே வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெரும்பாலும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். டப்பாவைத் திறப்பதற்கு முன் டீச்சர் ஒவ்வொரு வரியாக, நிதானமாகச் சொல்வார். பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். ஆண்டவரே, சாப்பாட்டுக்கு நன்றி, சமைத்தவர்களுக்கு நன்றி, இல்லாதவர்களுக்கும் கொடும். மார்கழிக் குளிர் தொடங்கியிருந்த சமயம் டீச்சர் எனக்குப் போன் செய்தார். "மதியம் வாங்கமா. அவனுக்குத் தெரிய வேணாம். ஜன்னலுக்குப் பின்னால நில்லுங்க, போதும்."

போய் நின்றேன். எல்லாப் பிள்ளைகளின் குரலுக்கும் நடுவில் என் பிள்ளையின் குரல் கேட்டது. கொஞ்சம் கரகரப்பான குரல் அவனுக்கு, ஆயிரம் பேர் நடுவிலும் எனக்குத் தெரியும். வெளியார் நடுவில் அதை நான் கேட்டது அன்றுதான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கூட்டத்துக்குள் தன் குரல் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பேசுகிறான், யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது என்று டீச்சர் சொன்னார். அடுத்த வாரம் அவரிடம் போய் நின்று, "மிஸ், ஒண்ணுக்கு" என்றானாம். அன்றையிலிருந்து கவர் வரவில்லை. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அந்த நிம்மதி பொங்கல் வரைதான். ஒரு சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். வழக்கம் போல யாரும் பேசவில்லை. அவன் நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் கையை வைத்து, கண்ணை மூடி, முழுப் பிரார்த்தனையையும் கணீரென்று சொன்னான். எங்களுக்குச் சொல்லிக் காட்டுகிற சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. மாமனார் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவினார். அவன் என்னைப் பார்த்தான். சாப்பிடு என்று நான் கையால் காட்டினேன்.

காலையில் அவர் என்னிடமும் என் கணவரிடமும் சொன்னார். "டிசி வாங்கிடுங்க."

"மாமா, அங்கதான் அவன் வாயே தொறக்கிறான்," என்றேன்.

"தொறந்து இன்னா சொல்றான், அத்த பாத்தியாமா? நம்ம ஆளுங்க இந்த ஊர்ல எத்தினி வீடு மிச்சம் இருக்குது, நீயே சொல்லு. இருக்கிற ஒரு பேரனையும் குடுத்துட்டு நான் கோயில்ல போய் எப்டி நிக்கிறது?"

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். கெஞ்சுகிற குரலில் கேட்டார். ஜவுளிக் கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு பேரம் பேசுகிற என் கணவர் அங்கே வாய் திறக்கவில்லை. கடைசியில் நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடம் அதேதான், பிரார்த்தனை மட்டும் வேண்டாம். சிஸ்டர் முகம் கோணாமல் ஒத்துக்கொண்டார். "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறது இல்லமா. அந்த நேரத்துல அவன் கிளாஸ்லயே உக்காந்து சாப்பிடட்டும். உங்க வீட்டு மந்திரம் ஒண்ணு இருக்குமே, வேணும்னா அதச் சொல்லட்டும்." பஞ்ச நமஸ்காரத்தை அவனுக்கு மூன்று வயதிலேயே மாமனார் கற்றுக்கொடுத்திருந்தார். ஆனால் காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்து அதை அவன் யாரோடு சேர்ந்து சொல்வான்?

கவர் மறுபடியும் வர ஆரம்பித்தது.

நான் எல்லாம் செய்து பார்த்தேன். கொஞ்சினேன், பொம்மை வாங்கித் தருகிறேன் என்றேன், ஒரு நாள் அடிக்கவும் அடித்தேன். மாமனாரோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினேன். அவரும் மெலிந்துகொண்டே போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு. வீட்டிலேயே அவன் பேச்சு குறைந்தது. ராத்திரி தாத்தா பக்கத்தில் படுத்துக்கொள்ள மட்டும் தவறாமல் போவான். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு மதியம் டீச்சர் போனில் அழுதார். வகுப்புக் கதவில் அவன் விரல் நசுங்கியிருக்கிறது. அவன் கத்தவே இல்லை. கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறான். சாப்பாடு முடிந்து எல்லோரும் உள்ளே வந்த பிறகு, சட்டையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நகத்தை எடுக்கும்போதும் அவன் சத்தம் போடவில்லை. இன்னா தைரியமான புள்ள என்று கம்பவுண்டர் மெச்சினார். அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. நாளைக்கு இவனை ஏதாவது வண்டி இடித்தால்? யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால்? இவன் வாயிலிருந்து ஒரு சத்தமும் வராதே என்று நினைக்க நினைக்க எனக்குப் புத்தி பேதலித்துவிடும் போல ஆனது.

மறுபடி அவன் பள்ளிக்கூடம் போன அன்று, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மதியம் போனேன். காலி வகுப்பில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தவனைக் கூட்டிக்கொண்டு வந்து வராந்தா வரிசையில் உட்கார வைத்தேன். பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார். "நீங்க ஆரம்பிங்க மிஸ்," என்றேன். அவர் தயங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. நானே கையைக் கூப்பி, எனக்குத் தெரிந்த மட்டும் சத்தமாகச் சொன்னேன். ஆண்டவரே, சாப்பாட்டுக்கு நன்றி. என் சாமி என்னை மன்னிக்குமா, மன்னிக்காதா என்ற யோசனையே அப்போது இல்லை. இவன் வாய் திறந்தால் போதும். பிள்ளைகள் திருப்பிச் சொல்லாமல் என்னையே பார்த்தார்கள். சமைத்தவர்களுக்கு நன்றி.

கட்டுப் போட்ட கை என் வாயை வந்து மூடியது.

"சொல்லாதமா," என்றான் என் பிள்ளை. வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "நாம இத்த சொன்னா தாத்தா சாப்புடாம எழுந்துடுவாரு. தெனம் படுத்துக்கினு அழுவுறாரு. நீ தூங்கிடுற. நான்தான் தொடச்சி வுடறேன்."

எந்தப் பிள்ளையும் டப்பாவைத் திறக்கவில்லை. அவன் குரலை வெளியில் கேட்க எத்தனை நாள் தவம் கிடந்தேன், கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சரி, சொல்லல, நீ சாப்பிடு என்று சொல்லி, அவன் கையில் அடி பட்டிருந்ததால் நானே பிசைந்து ஊட்டினேன். நாலு வாய் வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவன் சொன்னதை மாமனாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவரால் தாங்க முடியாது. சொல்லாத வரைக்கும் அதைப் பிள்ளைதான் தாங்கிக்கொண்டிருக்கிறான்.