லெம்பி கோஸ்கெலாவின் அரைமணி நேரம்

லெம்பி கோஸ்கெலா பனித்தள்ளி வண்டியில் முதன்முதலாக ஏறியபோது அவளுக்கு நாற்பது வயது. அதற்கு முன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அதை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, "இங்க எனக்குப் பின்னாடி வெறும் மணல்தான். அது கத்தாது, சண்டை போடாது, வாந்தி எடுக்காது" என்றாள்.

கீவினா தீபகற்பத்தின் வடகோடியில், ஏரியை ஒட்டிய லெஹ்டோ முனை எங்கள் ஊர். சாலை வழுக்காமலிருக்கப் பனித்தள்ளிகள் தூவிச் செல்லும் மணலை வைத்திருக்கும் சாலைத் துறைக் கொட்டகை ஊர் நுழைவில் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கிறது. அதன் அலுவலக அறையில் வயர்லெஸ் பெட்டியின் முன் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தச் சாலையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தவன் நான். ஆகவே லெம்பியைப் பற்றி இங்கே எழுதுவதில் பாதி என் காதால் கேட்டது, மீதி கண்ணால் பார்த்தது. ஊரில் கூட்டிச் சொல்வதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் பனித்தள்ளி ஓட்டுபவரை வாழ்த்துவதும் திட்டுவதும் ஒரே வாய்தான். சாலை திறந்தால் வாழ்த்துவார்கள். அந்தச் சாலையின் பனி ஒதுங்கி, வீட்டு வாசல் வழியை அடைத்துக்கொண்டு வரப்பு மாதிரி நின்றால் திட்டுவார்கள். தபால் பெட்டிக் கம்பங்களில் லெம்பிக்கென்று கம்பளிக் காலுறைகளும் ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டியும் பையில் கட்டித் தொங்கும். பிள்ளைகள் ஜன்னலில் நின்று கையை மேலும் கீழும் இழுத்துக் காட்டினால் ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். அவளை வாழ்த்துவதையும் திட்டுவதையும் ஒரே மூச்சில் செய்தவள் தாய்மி ரான்டா. தேவாலயச் சாலை பிரியும் முனையில் அவள் வீடு. ஒரு கையில் பனிவாரியும் மறு கையில் ரொட்டிப் பையுமாக வாசலில் நிற்பாள்.

"ஏன்டி லெம்பி, ஊர்ப் பனிய எல்லாம் என் வீட்டு வாசல்லயே கொண்டாந்து கொட்டணும்னு யாருகிட்டயாவது வேண்டுதலா?"

"உன் ரொட்டி வாசனைக்கு நான் மட்டும் வரல தாய்மி. பனியும் கூடவே வருது."

"வாய் மட்டும் இல்லன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும். இந்தா பிடி, சூடா இருக்கு."

லெம்பியின் கணவன் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. ஒரே மகள் ஹெல்வி. அவளுக்கும் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் நார்மனுக்கும் மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, ஏரிக்கரைத் தேவாலயத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. லெம்பி அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். நீல நிறத்தில் ஓர் உடுப்பும் வாங்கி வைத்திருந்தாள்.

புயல் வியாழக்கிழமை தொடங்கியது. ஆறடி விழுந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அது காற்று சுவரோரம் குவித்த உயரம். அலுவலகத்துக்குப் பின்னால் சமதரையில் அளவுகோல் வைத்து நான் அளந்தது மூன்றடிக்குச் சற்றுக் கூடுதல். அதுவே போதும். கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான். ஓட்டுநர்களில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். எங்கள் மேற்பார்வையாளர் ரூடி, லெம்பியைக் கூப்பிடவே கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

யாரும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை விடியும் முன்னே அவளே சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"உன்னை யாரு வரச் சொன்னா? இன்னைக்கு உன் பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார் ரூடி.

"ரெண்டு வண்டி சும்மா நின்னா கல்யாணத்துக்கு யாரு வந்து சேருவா? நானும் பாஸ்டரும் மட்டும் உக்காந்து கேக்கு சாப்பிடறதா? சாவிய குடுங்க. பன்னெண்டு மணிக்குள்ள முடிச்சிடுவேன்."

சாலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நெடுஞ்சாலை, பிறகு பள்ளிக்கூடச் சாலை, பிறகு வீடுகள் உள்ள மலைப்பாதை. தேவாலயச் சாலையில் வீடே இல்லாததால் அது கடைசி. தன் மகள் கல்யாணம் என்பதற்காக லெம்பி இந்த வரிசையை மாற்றவில்லை. மாற்றச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவும் துணியவில்லை.

அதற்குப் பதிலாக ஊர் வேறொரு காரியம் செய்தது. லெம்பிக்குக் கடைசிச் சாலையையாவது மிச்சப்படுத்துவோம் என்று தாய்மி விடிந்ததும் தொலைபேசியில் எல்லாரையும் எழுப்பினாள். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பனி வீசும் இயந்திரம் உள்ளவர்கள் அதோடும், மற்றவர்கள் தொட்டி போல அகலமாக இருக்கும் இருகைத் தள்ளுவாரியோடும் தேவாலயச் சாலையில் இறங்கினார்கள். சிரிப்பும் பாட்டும் காபியுமாக வேலை நடந்தது. மொத்தச் சாலையையும் தரை தெரியச் சுத்தம் செய்துவிட்டார்கள்.

ஆனால் அந்தச் சாலைக்கு இரண்டு பக்கமும் கல்லறைத் தோட்டம். அவரவர் அப்பாவும் அம்மாவும் படுத்திருக்கும் இடம். அங்கே பனியை வீச எங்கள் ஊரில் ஒருவருக்கும் கை வராது. தானாக விழுகிற பனி வேறு, நாமாகக் கொண்டுபோய் அவர்கள் தலையில் கொட்டுகிற பனி வேறு. ஆகவே ஒவ்வொருவரும் தன் பங்கைக் கல்லறை எல்லைக்கு வெளியே, சாலை தொடங்கும் முனைக்குத் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். கடைசி ஆள் நிமிர்ந்து பார்த்தபோது முனையில் ஒரு குன்று நின்றது. வீசிய பனி காற்றில் சீக்கிரம் இறுகும். பதினோரு மணிக்கு அது கல்லாகிவிட்டது. பளபளவென்று திறந்து கிடந்த சாலைக்குள் யாரும் போக முடியவில்லை.

சற்று நேரத்தில் என் பெட்டியில் லெம்பியின் குரல் கேட்டது.

"தேவாலய முனையில யாருப்பா கோட்டை கட்டினது?"

"ஊர்க்காரங்கதான் லெம்பி. உனக்கு உதவியா இருக்கட்டும்னு."

"ரொம்ப நல்ல உதவி. மேல கொடி ஒண்ணுதான் பாக்கி."

"இடிச்சு எடுக்க முடியுமா?"

"முடியும். முன்ன பின்ன போயிப் போயி இடிக்கணும். ரெண்டு மணி நேரமாவது ஆகும். ஆனா எனக்குப் பின்னால எண்ணெய் வண்டி நிக்குது. ஹாலா வீட்டுல வீட்டச் சூடாக்குற எண்ணெய் தீந்துபோச்சு. மூணு குழந்தைங்களையும் சவுனா குளியலறைக்குள்ள வச்சு விறகு எரிச்சுக்கிட்டிருக்காங்களாம்."

ஹாலா வீடு மலைப்பாதையின் கடைசி வீடு. அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள் என்பது இஞ்சின் சத்தத்திலேயே தெரிந்தது.

"நினைச்சதவிடப் பனி ஜாஸ்தி. மலைப்பாதை முடிய நாலு மணி ஆயிடும்" என்றாள். "ஹெல்விகிட்ட சொல்லிடு. தாய்மி வீட்டுலயே வச்சுக் கல்யாணத்த முடிச்சிடட்டும். எனக்காக நிறுத்த வேண்டாம்."

எப்போதும் கடைசியில் ஒரு கேலி சொல்லிவிட்டுத்தான் பேச்சை முடிப்பாள். அன்று சொல்லவில்லை.

நான் தாய்மி வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அங்கே ஏற்கெனவே யார் முதலில் பனியை முனைக்குத் தள்ளியது என்று பெரிய விசாரணை நடந்துகொண்டிருந்தது. செய்தியைக் கேட்டதும் விசாரணை நின்றது. அங்கே கல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஹெல்வி தொலைபேசியை வாங்கினாள்.

"அம்மா இல்லாம நான் கட்டிக்க மாட்டேன். நார்மன்கிட்ட சொல்லிட்டேன், அவனும் சரின்னுட்டான். ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அம்மா சாப்பாட்டுக்கு எங்க நிறுத்துவாங்க?"

"இங்கதான், மணல் கொட்டகையில. அரைமணி நேரம் இறங்கி ஓய்வெடுத்தே ஆகணும், விதி."

"அரைமணி போதுமே" என்றாள் ஹெல்வி.

ரூடி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கொட்டகையில் வெளியாட்களை விடக் கூடாது என்பதும் விதிதான். "கல்யாணத்துக்கு வர்றவங்க எப்படி வெளியாளாவாங்க?" என்று என்னையே கேட்டார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நெடுஞ்சாலையைத்தான் லெம்பி காலையிலேயே திறந்துவிட்டாளே. அதில் ஊரே நடந்து வந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் நார்மன், மூன்றடுக்குக் கேக்கைத் தள்ளுவாரியில் வைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தான். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் குடை பிடித்திருந்தார்கள், கேக்குக்கு. பின்னால் ஹெல்வி, வெள்ளை உடுப்பை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி, பெரிய ரப்பர் காலணியோடு வந்தாள். அவளுக்குக் குடை இல்லை. தாய்மி, இறைச்சியும் கிழங்கும் மடித்துச் சுட்ட பேஸ்டிகளைக் கம்பளியில் சுற்றிச் சுமந்து வந்தாள்.

கொட்டகையில் மணல் ஒரு பக்கம் மலையாகக் கிடந்தது. டீசல் வாசனை வேறு. பெண்கள் மணல் சரிவில் மேசை விரிப்புகளை விரித்து வயதானவர்களை உட்கார வைத்தார்கள். அலங்காரத்துக்கு ஒன்றுமில்லையே என்று யாரோ சொல்ல, பழுதாகி நின்ற வண்டியின் உச்சியில் உள்ள ஆரஞ்சு விளக்கை ரூடி சுழலவிட்டார். பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள்.

பாஸ்டர் எல்லாருக்கும் கடைசியாக மூச்சிரைக்க வந்தார். அவருடைய பிரசங்கம் தொடங்கினால் உருளைக்கிழங்கு வெந்து, ஆறி, மறுபடி சூடு பண்ண வேண்டியிருக்கும் என்று பெயர்.

"பாஸ்டர், மொத்தமே அரைமணிதான். அதுல அவ சாப்பிடவும் வேணும்" என்றாள் தாய்மி.

"தாய்மி, கடவுளோட காரியத்தை..."

"அவர் உலகத்தையே வார்த்தை சொல்லித்தான் படைச்சார். உங்க அளவுக்குப் பேசல."

எல்லாம் தயாராகிவிட்டது. லெம்பியைத்தான் காணோம். நான் வயர்லெஸ் பெட்டியின் ஒலிவாங்கியை எடுத்தேன்.

"லெம்பி, சாப்பாட்டுக்கு எப்ப வர்ற?"

"பசிக்கல. ஹாலா வீடு வரைக்கும் திறந்தாச்சு, எண்ணெய் இறங்குது. இந்தச் சரிவையும் முடிச்சிட்டே வர்றேன்."

ரூடி என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்.

"விதி தெரியுமில்ல? பசிச்சாலும் பசிக்காட்டியும் இறங்கியே ஆகணும். இப்பவே வா."

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் உங்களுக்கு விதி ஞாபகம் வந்துதா?" என்று கோபமாகக் கேட்டாள். ஆனாலும் வந்தாள்.

கொட்டகையின் பெரிய கதவைத் திறந்தோம். வண்டி உள்ளே நுழைந்து பாதியிலேயே நின்றது. முன்கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் முதலில் கேக்கைப் பார்த்தது, பிறகு பாஸ்டரை, கடைசியாக மகளை. இறங்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். பனி ஒட்டிய மஞ்சள் சட்டையும் கம்பளித் தொப்பியுமாக, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றாள்.

"நீல உடுப்பு வீட்டுல இருக்கே" என்றாள்.

"இதுதான்மா அழகு. தூரத்துலேர்ந்தே தெரியுது" என்றாள் ஹெல்வி. லெம்பி கையுறையைக் கழற்றி மகள் கையைப் பிடித்துக்கொண்டு, சுழலும் ஆரஞ்சு வெளிச்சத்தில் நார்மன் நின்ற இடம்வரை நடந்தாள்.

பாஸ்டர் தன் வாழ்நாளிலேயே மிகச் சிறிய பிரசங்கத்தைச் செய்தார். இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். பக்கத்து ஊர்களில் கேட்டும் யாரும் மறுக்கவில்லை. மோதிரம் மாற்றியதும் எல்லாரும் கைதட்ட, கூரையிலிருந்த பனி ஒரு பெரும் சத்தத்தோடு வெளியே சரிந்து விழுந்தது.

லெம்பி நின்றபடியே ஒரு பேஸ்டியும் ஒரு துண்டு கேக்கும் சாப்பிட்டாள். நார்மனின் கன்னத்தில் தட்டிக் கொடுத்தாள். ரூடியிடம், "அரைமணி ஆச்சு. விதி" என்றாள். ஏறிக் கிளம்பிவிட்டாள்.

அவள் போனதும் அக்கார்டியன் வெளியே வந்தது. மணலை ஒதுக்கிவிட்டுப் போல்கா நடனம் ஆடினார்கள். நான் என் அறைக்குப் போனேன். வயர்லெஸ் பெட்டியை வேலைக்கு அல்லாமல் வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. முப்பது வருடம் அதை மீறியதில்லை. அன்று கதவை விரியத் திறந்து வைத்து, ஒலிவாங்கியைக் கொட்டகைப் பக்கம் திருப்பி, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு பாட்டு முழுவதும் பிடித்திருந்தேன். விட்டதும் மலைப்பாதையிலிருந்து அவள் குரல் வந்தது.

"யாரோ ஒருத்தர் தாளத்த விட்டுட்டு ஆடுறாங்க. காலடிச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. மாப்பிள்ளையா?"

எட்டிப் பார்த்தேன். "பாஸ்டர்" என்றேன்.

"ஆடட்டும், விடு. இன்னைக்கு அவருக்கு நேரம் மிச்சம் ஆயிருக்கு. அடுத்த பாட்டையும் போடு."